சீட்டு எழுதிக் கொடுத்து அனுப்பினால் போதுமா?

கேள்வி: பிப்ரவரி 9, மாலை

வீடு வீடாகப் போகும் சுகாதாரப் பணியில் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. போன வாரம் ஒரு வீட்டில் குழந்தையின் எடை பார்த்துவிட்டுக் கிளம்பும்போது, அந்த வீட்டின் மூத்த பெண், 14 வயது, வாசல் வரை கூடவே வந்தாள். வீட்டோடு தங்கியிருக்கும் உறவினர் ஒருவர் தன்னிடம் தப்பாக நடந்துகொள்கிறார் என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு உள்ளே ஓடிவிட்டாள். மறுநாள் பள்ளி விடும் நேரத்தில் அவளைப் பார்த்து ஆலோசனை மையத்துக்கு ஒரு ரெஃபரல் சீட்டு எழுதிக் கொடுத்தேன். இன்று விசாரித்தால் அவள் அங்கே போகவே இல்லை. "உங்கள் பங்கைச் செய்துவிட்டீர்கள், பதிவேட்டில் எழுதிவிடுங்கள்" என்கிறார் மேற்பார்வையாளர். எனக்கு மனசு ஆறவில்லை. சீட்டு எழுதிக் கொடுத்ததோடு நம் வேலை முடிந்துவிடுகிறதா அக்கா?

பிப்ரவரி 9, இரவு 10.40

முடியவில்லை. இன்னும் ஆரம்பிக்கவே இல்லை.

அந்த ஆள் இப்போதும் அதே வீட்டில்தான் இருக்கிறாரா? இதற்குப் பதில் தெரியாமல் இன்று தூங்கப் போகாதீர்கள். இருக்கிறார் என்றால் ஆலோசனை மையமெல்லாம் அப்புறம்தான், முதலில் அவளுடைய பாதுகாப்பு. உங்கள் பகுதியில் குழந்தைகள் பாதுகாப்புக்குப் பொறுப்பானவர் யாரோ அவரை இப்போதே கூப்பிடுங்கள். மேற்பார்வையாளருக்குப் பதிவேடு நிரம்பியிருக்கலாம். அந்தப் பெண் இன்று ராத்திரியும் அதே வீட்டில்தான் படுத்திருக்கிறாள்.

எனக்கு இந்த வேலையில் பதினோரு வருடம். முதல் இரண்டு வருடம் நானும் சீட்டு எழுதிக் கொடுத்துத்தான் அனுப்பினேன். எத்தனை பேர் போனார்கள் என்று ஒருநாள் என் நோட்டையும் மையத்துப் பதிவேட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஒன்பது சீட்டு. போனவர்கள் இரண்டு பேர். இன்னொருத்தி வாசல் வரை போய், காவலாளி "யாரைப் பார்க்கணும்?" என்று கேட்டதும் திரும்பிவிட்டாள் என்று பிறகு தெரிந்தது. அந்தப் பக்கத்தை இன்னும் வைத்திருக்கிறேன்.

மீதியை நாளை எழுதுகிறேன். முதலில் போன் செய்யுங்கள்.

பிப்ரவரி 10, காலை

அவசரத்தில் ஒன்றை விட்டுவிட்டேன். கடைசியாக எப்போது நடந்தது என்பது முக்கியம். 72 மணி நேரத்துக்குள் மருத்துவமனைக்குப் போயாக வேண்டும். அதைத் தாண்டினால் மருந்தால் பலன் இல்லை.

பிப்ரவரி 10, பிற்பகல்

காலையில் எழுதியது தப்பு. செவிலியராக இருக்கும் தோழி படித்துவிட்டு உடனே கூப்பிட்டார்.

72 மணி நேரம் என்பது எச்ஐவி தொற்றாமல் தடுக்கும் மருந்துக்கான கெடு. அதிலும் முதல் சில மணி நேரத்தில் தொடங்குவதே நல்லது. தொடங்கினால் 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டும். கர்ப்பம் தரிக்காமல் தடுக்கும் அவசர மாத்திரைக்கு 120 மணி நேரம், அதாவது ஐந்து நாள் வரை நேரம் உண்டு. அதுவும் முந்தினால் பலன் அதிகம். இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிவிட்டேன்.

"அதைத் தாண்டினால் பலன் இல்லை" என்ற வரியை முழுசாகத் திரும்பப் பெறுகிறேன். யாராவது அதைப் பகிர்ந்திருந்தால் இதையும் சேர்த்துப் பகிருங்கள். ஆறு மாதம் கழித்து வந்தாலும், மூன்று வருடம் கழித்து வந்தாலும் செய்ய நிறைய இருக்கிறது: பால்வினைத் தொற்றுப் பரிசோதனை, அதற்கான சிகிச்சை, ஹெபடைடிஸ் பி தடுப்பூசி விட்டுப்போயிருந்தால் அது, மனநல உதவி. "நேரமாகிவிட்டது" என்று நாம் நினைத்தால் பிள்ளைகள் அதை நம் முகத்தில் படித்துவிடுவார்கள்.

தோழி இன்னொன்றும் எழுதச் சொன்னார். பாலியல் துன்புறுத்தலுக்கு ஆளான பிள்ளைகளில் பெரும்பாலானவர்களின் உடலில் பரிசோதனையின்போது எந்தக் காயமும் தெரியாது. "டாக்டர் பார்த்தார், ஒன்றுமில்லை என்றார், அப்படியானால் பொய்தான்" என்று வீட்டில் ஆரம்பித்துவிடுவார்கள். அந்தப் பேச்சு வருவதற்கு முன்னால் நீங்கள் முந்திக்கொண்டு விளக்க வேண்டும். கன்னித்தன்மைப் பரிசோதனை என்று யாராவது கேட்டால் முடியாது என்று சொல்லுங்கள். அதற்கு மருத்துவ அடிப்படையே இல்லை, எங்கும் செய்யக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனமும் ஐ.நா. அமைப்புகளும் 2018இலேயே சொல்லிவிட்டன.

பிப்ரவரி 12

சரி, சீட்டு விஷயத்துக்கு வருகிறேன்.

சீட்டில் இருப்பது ஒரு விலாசமும் ஒரு முத்திரையும். அதைக் கையில் வைத்திருக்கும் பிள்ளைக்கு முன்னால் என்னென்ன நிற்கிறது என்று பாருங்கள். வீட்டில் என்ன சொல்லிவிட்டுக் கிளம்புவது? பஸ் காசுக்கு யாரைக் கேட்பது? பள்ளியில் அரை நாள் விடுப்புக்கு என்ன காரணம் எழுதுவது? அந்தக் கட்டடத்தில் எந்தப் பக்கம் நுழைவது? உள்ளே இருப்பவர் ஆணா பெண்ணா? முதல் வார்த்தையாக என்ன சொல்வது? நமக்கு அது ஒரு அரை மணி நேரப் பயணம். அவளுக்கு ஒவ்வொன்றும் தனித்தனி மதில்.

நான் முதன்முதலாகக் கூடப் போனது 15 வயதுப் பெண் ஒருத்தியோடு. பஸ்ஸில் நாங்கள் இருவரும் தெரியாதவர்கள் மாதிரி உட்கார வேண்டும் என்பது அவள் போட்ட நிபந்தனை. அவள் இரண்டு வரிசை முன்னால் உட்கார்ந்தாள். ஒவ்வொரு நிறுத்தத்திலும் நான் இறங்கிவிடவில்லையே என்று திரும்பிப் பார்த்தாள்.

பதிவு செய்யும் இடத்தில் இருபது பேர் வரிசை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தவர், "என்ன விஷயமா வந்திருக்கீங்க?" என்றார். நான் குனிந்து மெதுவாகச் சொன்னேன். "கேக்கல, சத்தமா சொல்லுங்க" என்றார். அந்தப் பெண் கழுத்தில் தொங்கிய பள்ளி அடையாள அட்டையின் பிளாஸ்டிக் ஓரத்தை நகத்தால் உரித்துக்கொண்டே இருந்தாள். நான் ஒரு தாளில் எழுதி நீட்டினேன். அவர் அதை வாய்விட்டுப் படிக்க ஆரம்பித்தார். கண்ணாடியைத் தட்டி நிறுத்தினேன்.

அப்புறம் ஒன்றே முக்கால் மணி நேரம் பெஞ்சில். சுவரில் கை கழுவும் முறையை விளக்கும் படம் ஒட்டியிருந்தது. வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தவள் திடீரென்று, "அக்கா, அந்தப் பொண்ணுக்கு ஆறு விரல்" என்றாள். எண்ணிப் பார்த்தோம், நிஜமாகவே ஆறு. இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். உள்ளே கூப்பிட்டபோது அவள் எழுந்து போனதற்கு நான் சொன்ன ஆறுதல் வார்த்தை எதையும் விட அந்த ஆறாவது விரல்தான் காரணம் என்று இன்றும் நினைக்கிறேன். அது நடக்க நான் அந்தப் பெஞ்சில் இருக்க வேண்டியிருந்தது.

உள்ளே என்ன ஆயிற்று? நடந்ததை மருத்துவரிடம் சொன்னாள். ஆலோசகரிடம் மறுபடி. படிவம் நிரப்பியவரிடம் மூன்றாவது தடவை. மூன்றாவது தடவை பாடம் ஒப்பிக்கிற மாதிரி, குரலில் ஏற்ற இறக்கமே இல்லாமல் சொன்னாள்.

அடுத்த வாரம் நான் தனியாகப் போய் அங்கே பொறுப்பில் இருந்த செவிலியரைப் பார்த்தேன். நல்ல மனுஷி. முன்கூட்டியே போன் செய்வது, பக்கவாட்டு வாசல் வழியாக வருவது, என் பச்சை நோட்டைக் காட்டினால் யாரும் காரணம் கேட்காமல் உள்ளே விடுவது என்று பேசி வைத்துக்கொண்டோம். பிள்ளை சம்மதித்தால் அவள் சொன்னதை அவள் வார்த்தையிலேயே அரைப் பக்கம் எழுதி முன்னதாகக் கொடுத்துவிடுவேன். கேட்பவர் அதைப் படித்துவிட்டு, விட்டுப்போனதை மட்டும் கேட்பார். இதற்கு எந்த ஆணையும் வரவில்லை, பணமும் ஒதுக்கவில்லை. ஒரு பிற்பகல் பேசியதில் முடிந்தது.

ஆகவே உங்களுக்கு முதல் வேலை: அடுத்த பிள்ளை வருவதற்கு முன்னால், நீங்கள் அனுப்பும் ஒவ்வொரு இடத்துக்கும் நீங்களே ஒரு தடவை போய் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து பாருங்கள்.

பிப்ரவரி 13

"யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று சத்தியம் பண்ணாதீர்கள். கேட்பார்கள், கெஞ்சுவார்கள். பண்ணாதீர்கள்.

சட்டம் நாட்டுக்கு நாடு வேறுபடும். பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் இந்தியாவின் 2012 போக்சோ சட்டப்படி 18 வயதுக்குக் குறைந்த பிள்ளை என்றால், விஷயம் தெரிந்த எவரும் தகவல் சொல்லியாக வேண்டும். வேறு பல நாடுகளில் ஆசிரியர், மருத்துவர் போன்ற குறிப்பிட்ட வேலையில் இருப்பவர்களுக்குத்தான் அந்தக் கடமை. உங்களுக்கு எது பொருந்தும் என்பதை வேலையில் சேர்ந்த முதல் வாரத்திலேயே தெரிந்துகொண்டிருக்க வேண்டும். பிள்ளை பேச வாயெடுக்கும் நேரத்தில் தேடக் கூடாது.

நான் சொல்வது இப்படி: "நீ சொல்றதை ஊருக்கெல்லாம் சொல்ல மாட்டேன். உன்னைப் பத்திரமா வைக்க ஒருத்தர் ரெண்டு பேர்கிட்ட சொல்லித்தான் ஆகணும். யார்கிட்ட, எப்போ, என்ன சொல்றேன்னு உனக்குத் தெரியாம சொல்ல மாட்டேன்." இதைக் கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்ட பிள்ளைகள் உண்டு. பத்து நாள் கழித்து அவர்களே வந்து சொன்னதும் உண்டு.

பிப்ரவரி 15

ஒருவர் கேட்டிருக்கிறார்: "அவள் சொல்வது உண்மையா என்று உறுதி செய்ய நாம் என்னென்ன கேட்க வேண்டும்?"

ஒன்றும் கேட்கக் கூடாது. விசாரிப்பதற்குப் பயிற்சி பெற்றவர்கள் இருக்கிறார்கள். 1980களில் கலிபோர்னியாவில் ஒரு மழலையர் பள்ளி வழக்கு நடந்தது. பிள்ளைகளிடம் பதிலைக் கேள்விக்குள்ளேயே வைத்துத் திரும்பத் திரும்பக் கேட்டிருந்தார்கள். வருடக்கணக்கில் நடந்த அந்த வழக்கு 1990இல் ஒரு தண்டனையும் இல்லாமல் முடிந்தது. அதற்கப்புறம்தான் பிள்ளைகளிடம் எப்படிப் பேசுவது என்பதை உலகம் ஒழுங்காகப் படிக்க ஆரம்பித்தது. "அவர் உன்னைத் தொட்டாரா?" என்று கேட்டால் பிள்ளை ஆமாம் என்றும் சொல்லும், பயத்தில் இல்லை என்றும் சொல்லும். இரண்டுமே நாளை அவளுக்கு எதிராகத் திரும்பலாம்.

அப்படியானால் வாயைத் திறக்கவே வேண்டாமா? திறக்கலாம். "சொல்லும்மா, கேட்கிறேன்." "அப்புறம்?" "இப்போ உனக்கு என்ன வேணும்?" இவ்வளவு போதும். உலக சுகாதார நிறுவனம் முதல்நிலை ஆதரவு என்று சொல்லித்தருவதும் ஏறக்குறைய இதுதான்: காது கொடுப்பது, தேவை என்ன என்று கேட்பது, நம்புகிறேன் என்று உணர்த்துவது, பாதுகாப்புக்கு வழி பார்ப்பது, உதவி கிடைக்கும் இடத்தோடு சேர்த்துவிடுவது. "ஏன் கத்தவில்லை? ஏன் முன்னாலேயே சொல்லவில்லை?" இந்த இரண்டையும் மட்டும் கேட்காதீர்கள். பயத்தில் உடம்பு மரத்துப்போவது மனித இயல்பு. "ஏன்" என்று தொடங்கும் கேள்வி எல்லாமே அந்த வயதில் குற்றச்சாட்டாகத்தான் காதில் விழும்.

பிப்ரவரி 16

12ஆம் தேதி எழுதியதைத் திரும்பப் படித்தேன். கூடப் போவது எல்லாருக்கும் சரி என்பது போல எழுதிவிட்டேன். அப்படி இல்லை.

என்னோடு வருவதே ஆபத்து என்று ஒரு பெண் சொன்னாள். சுகாதாரப் பணியாளர் கூட நடந்தாலே தெருவில் எல்லாரும் கர்ப்பமா என்று கேட்பார்களாம். அவளுக்கு அவள் சித்திதான் வேண்டும். சரி, சித்தியிடம் பேசி, எங்கே போக வேண்டும் என்று வழியெல்லாம் காட்டிவிட்டு நான் விலகிக்கொண்டேன். சித்தி என்னைவிட நன்றாகவே பார்த்துக்கொண்டார்.

பையன்களை மறந்துவிட்டேன், அதுவும் தப்பு. நாம் கையில் வைத்திருக்கும் துண்டுப் பிரசுரங்களில் எல்லாம் பெண் பிள்ளை படம்தான். 13 வயதுப் பையன் ஒருவன் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இது எனக்கு இல்ல போல" என்று திருப்பிக் கொடுத்தான். அவன் எதையும் சொல்வதற்கு முன்னால் நடந்தது இது. அதைப் பிடித்துக்கொண்டுதான் பேச்சை ஆரம்பித்தேன். அதன்பின் யாரிடம் பேசினாலும் "பையன்களுக்கும் இது நடக்கும், அவங்களும் வந்து சொல்லியிருக்காங்க" என்ற ஒரு வரியைச் சேர்த்துக்கொள்கிறேன்.

பிப்ரவரி 20

திரும்பத் திரும்பச் சொல்ல வைப்பதைப் பற்றி நிறையப் பேர் எழுதியிருக்கிறீர்கள். இதற்கு வழி கண்ட நாடுகள் இருக்கின்றன. அமெரிக்காவில் அலபாமா மாநிலத்தின் ஹண்ட்ஸ்வில்லில் 1985இல் தொடங்கிய மையத்தில் காவல்துறை, மருத்துவர், வழக்கறிஞர், ஆலோசகர் எல்லாரும் பிள்ளை இருக்கும் இடத்துக்கு வர வேண்டும், பிள்ளை அவர்களைத் தேடி அலையக் கூடாது என்று வைத்தார்கள். ஐஸ்லாந்து அதைப் பார்த்து 1998இல் பார்னஹுஸ் என்று ஒன்றை ஆரம்பித்தது. குழந்தைகளின் வீடு என்று பொருள். பயிற்சி பெற்ற ஒருவரிடம் பிள்ளை ஒரு அறையில் பேசும், மற்றவர்கள் வேறு அறையில் திரையில் பார்ப்பார்கள். தென்னாப்பிரிக்காவில் துதுசெலா மையங்கள் மருத்துவமனைக்குள்ளேயே இயங்குகின்றன. கோசா மொழியில் அந்தச் சொல்லுக்கு ஆறுதல் என்று அர்த்தமாம். ருவாண்டாவில் 2009இல் கிகாலியில் ஈசாங்கே மையம் தொடங்கினார்கள்.

இதெல்லாம் நம் கையில் இல்லைதான். ஆனால் எவ்வளவு நல்ல மையமானாலும் வீட்டு வாசலிலிருந்து அதன் வாசல் வரை உள்ள தூரம் அப்படியேதான் இருக்கும். அதில் கூட நடக்கிறவர் நாம்தான்.

பிப்ரவரி 20, சிறிது நேரம் கழித்து

குறிப்பேடு பற்றிக் கேட்டவருக்கு: என் பச்சை நோட்டில் எந்தப் பிள்ளையின் பெயரும் கிடையாது. விலாசமும் கிடையாது. ஆரம்பத்தில் எண் போட்டேன். "எனக்கு நம்பரா?" என்று ஒருத்தி முகம் சுளித்தாள். அன்று முதல் அவரவர் ஒரு சொல்லைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். போனில் பேசும்போதும் அந்தச் சொல்தான். ஒரு பையன் டைனோசர் என்று வைத்துக்கொண்டான். "டைனோசருக்கு நாளை பத்து மணிக்கு" என்று நான் மையத்துக்குப் போன் செய்வேன். அவன் பக்கத்தில் நின்று கேட்டு அவ்வளவு சந்தோஷப்படுவான். தன் விஷயத்தில் தானே முடிவு செய்த முதல் காரியம் அது.

பிப்ரவரி 24

அம்மாக்களைத் திட்டி மூன்று பேர் எழுதியிருக்கிறீர்கள். நிறுத்துங்கள்.

பெரும்பாலும் செய்தவன் வீட்டுக்குத் தெரிந்தவனாகத்தான் இருக்கிறான். அதைக் கேட்கும் அம்மாவுக்கு ஒரே நிமிடத்தில் கணவனோ தம்பியோ மாமனாரோ வேறு ஆளாகிவிடுகிறார். முதல் வார்த்தை "இருக்காது" என்றுதான் வரும். நான் பார்த்த வரையில் அந்த "இருக்காது" பல வீடுகளில் இரண்டு நாளில் மாறியிருக்கிறது, அந்த இரண்டு நாளும் யாராவது அம்மாவோடு பேசிக்கொண்டிருந்தால். பிள்ளைக்குச் சிகிச்சை பலன் தருவதற்கும் அம்மாவோ பாட்டியோ கூட நிற்பது பெரிய பலம். அதிர்ச்சியிலிருந்து மீளப் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் நடத்தைச் சிகிச்சையில் பொதுவாக 12 முதல் 16 அமர்வுகள் இருக்கும். அதில் வளர்ப்பவர்களுக்கும் பங்கு வைத்திருக்கிறார்கள். அம்மாவை விரட்டிவிட்டால் அத்தனை வாரம் அவளை யார் கூட்டிப்போவார்?

மாறாத அம்மாக்களும் உண்டு. அப்போது வீட்டில் வேறு ஒரு பெரியவரைத் தேட வேண்டும். அதற்கு முன்னால் அம்மாவிடம் இரண்டு தடவையாவது உட்கார்ந்து பேசியிருக்க வேண்டும்.

மார்ச் 2

கேள்வி கேட்டவர் நேற்று எழுதியிருந்தார்: 9ஆம் தேதி இரவே தகவல் சொல்லிவிட்டார், அந்த உறவினர் வீட்டை விட்டுப் போய்விட்டார், இப்போது அந்தப் பெண் "நான் பொய் சொன்னேன், என்னை விட்டுடுங்க" என்கிறாளாம்.

தங்கச்சி, முதலில் ஒரு மூச்சு விடுங்கள். போன் செய்தது சரி.

பின்வாங்குவது நான் பலமுறை பார்த்தது. ரோலண்ட் சம்மிட் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் 1983லேயே இதை விவரித்திருக்கிறார்: ரகசியம், கையறுநிலை, அதோடு பழகிக்கொள்வது, தாமதமாகச் சொல்வது, சொன்னதைத் திரும்பப் பெறுவது. அதை உண்மையைக் கண்டுபிடிக்கும் கருவி மாதிரி பயன்படுத்தக் கூடாது என்று பின்னாளில் அவரே எச்சரித்தார், அதனால் "மறுத்தால் உண்மை" என்று யாரும் கணக்குப் போட்டுவிட வேண்டாம். ஆனால் மறுத்ததும் கோப்பை மூடுவது பெரிய தவறு.

அவள் பக்கமிருந்து பாருங்கள். சொன்னாள். வீட்டில் சண்டை. பாட்டி அழுகிறார். அந்த ஆள் கொடுத்துவந்த பணம் நின்றுவிட்டது. எல்லாம் தன்னால்தான் என்று அவளுக்குத் தோன்றுகிறது. "பொய் சொன்னேன்" என்று ஒரு வார்த்தை சொன்னால் பழையபடி ஆகிவிடும் என்று நினைக்கிறாள்.

"ஏன் மாற்றிச் சொல்றே?" என்று கேட்காதீர்கள். "நீ சொன்னதுக்கு அப்புறம் வீட்ல ரொம்பக் கஷ்டமா இருக்கா?" என்று மட்டும் கேளுங்கள். பதில் வந்தாலும் வராவிட்டாலும், அடுத்த வியாழன் வருவேன் என்று சொல்லிவிட்டு வியாழன் போய் நில்லுங்கள். அவள் மாற்றிச் சொன்னதையும் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். அந்த ஆள் திரும்பி வீட்டுக்குள் வருகிறாரா என்று அவர்களும் கவனிக்க வேண்டும்.

மார்ச் 5

தூக்கம் வரவில்லை என்று எழுதியவருக்கு: எனக்கும் மூன்றாவது வருடம் அப்படித்தான் இருந்தது. குளிக்கும்போது பிள்ளைகளின் குரல் கேட்கும். மனநல ஆலோசகரிடம் நானே ஆறு தடவை போனேன், சம்பளத்தில் பிடித்தம் ஆனாலும் பரவாயில்லை என்று விடுப்பு எடுத்தேன். போங்கள். இது வேலையின் ஒரு பகுதி, வெட்கப்பட ஒன்றுமில்லை.

மார்ச் 21

அவள் போயிருக்கிறாள்! சித்தியோடு. இரண்டு தடவை. தங்கச்சி, நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு எழுந்து ஒரு நடை நடந்துவிட்டு வந்துதான் இதை எழுதுகிறேன்.

இப்போது கவனம். நான் பார்த்த வரையில் அதிகம் பேர் விட்டுவிடுவது மூன்றாவது தடவையில்தான். முதல் பரபரப்பு அடங்கியிருக்கும், பள்ளியில் தேர்வு வரும், கூட வருபவருக்கு வேறு வேலை வரும். ஆலோசகரிடம் பேசிவிட்டு வந்த இரண்டு நாள் அவளுக்கு மனசு கனமாகவும் இருக்கும், "போனாத்தான் மோசமா இருக்கு" என்பாள். அது அப்படி இருக்கும், கொஞ்ச நாளில் குறையும் என்று முன்னாலேயே சொல்லி வையுங்கள். சித்தியால் வர முடியாவிட்டால் யார் என்று இப்போதே கேட்டு வையுங்கள். முந்தின நாள் மாலை ஒரு போன், அவள் தேர்ந்தெடுத்த சொல்லைச் சொல்லி, நேரத்தை மட்டும் நினைவூட்டுங்கள்.

அந்தச் சொல் என்னவென்று இங்கே எழுதட்டுமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம். அது அவளுடையது.